பார்வையாளர் திரும்பிப் பார்க்கக் கூடாது

ஜீவராணி எடுத்த வீடியோ மொத்தம் பதினான்கு விநாடி. அதில் பேய் கிடையாது. முதல் நான்கு விநாடியும் அவளுடைய செருப்பும் தேயிலைச் செடிகளின் அடியும்தான் தெரியும். ஐந்தாவது விநாடியில் மலையில் விழுந்திருந்த வெடிப்பு வரும். எட்டாவது விநாடியில் அவள் தன் குடையை அந்த வெடிப்புக்குள் விடுவாள். குடை கைப்பிடி வரைக்கும் உள்ளே போகும். "பாருங்க சேர், அடி தட்டுப்படல" என்று அவள் குரல் கேட்கும். பிறகு கொஞ்சம் வானம். அவ்வளவுதான்.

மஸ்கெலியாவிலிருந்து ஆறு கிலோமீட்டர் மேலே இருக்கும் கல்லூற்றுத் தோட்டத்தில், பன்னிரண்டு காம்பரா, அதாவது ஒற்றை அறை வீடுகள், வரிசையாக ஒட்டியிருக்கும் லயம் ஒன்றுக்கு நாற்பது அடி பின்னால் அந்த வெடிப்பு இருந்தது. லயத்தின் ஏழாவது காம்பராவில் ஜீவராணி இருந்தாள். கொழுந்தெடுக்கப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பிள்ளைக்காம்பராவில் வைத்துப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. கணவன் சோலைமலை கொழும்பில் ஒரு கடையில் இருந்தான். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வருவான். மழை பிடித்தால் அவள் தூங்குவதில்லை. இரண்டு வருடமாக அப்படித்தான். பாதுகாப்பான இடத்தில் காணி கேட்டு லயத்தார் கொடுத்த மனுக்களுக்கு, "கவனத்தில் எடுக்கப்பட்டுள்ளது" என்று பதில் வந்துகொண்டிருந்தது. எடுத்த கவனத்தை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று யாரும் சொல்லவில்லை.

வீடியோவை அவள் கிராம உத்தியோகத்தருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். அவர் நல்ல மனிதர். உடனே பார்த்தார். "பயங்கரமா இருக்கு" என்று எழுதி, அப்படியே மண்சரிவு, வெள்ளம் பார்க்கும் அனர்த்தப் பிரிவுக்கு அனுப்பிவைத்தார். அந்த ஒரு சொல்லால் என்ன நடக்கும் என்று அவருக்கும் தெரியாது.

மூன்று வாரம் கழித்து ஒரு கடிதம் வந்தது. அனர்த்தப் பிரிவிலிருந்து அல்ல. 'திரைப் பய மதிப்பீட்டுச் சபை' என்ற ஒன்றிலிருந்து. "தங்களது பயங்கர ஆக்கம் தொடர்பாக நேரில் சமூகமளிக்கவும்" என்று அதில் இருந்தது. அப்படி ஒரு சபை இருப்பது ஜீவராணிக்குத் தெரியாது. தோட்டத் தலைவருக்கும் தெரியாது. அடுத்த காம்பரா நாகலெட்சுமிதான் கடிதத்தின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்ததைப் படித்துக் காட்டினாள். திரையில் தோன்றும் ஏதேனும் காட்சியைக் கண்டு அரச உத்தியோகத்தர் ஒருவர் 'பயம்' என்ற சொல்லையோ அதன் திரிபுகளையோ எழுதுவாராயின், அக்காட்சி முதலில் சபையால் மதிப்பிடப்படல் வேண்டும். அதுவரை வேறெந்தக் காரியாலயமும் அதைப் பார்க்கலாகாது.

"அப்ப அனர்த்தப் பிரிவுல யாரும் பார்க்கலையா?" என்றாள் ஜீவராணி.

"பார்க்கக் கூடாதாம் அக்கா. சட்டம்."

அவள் ஒரு நாள் லீவு போட்டு ஹட்டனுக்குப் போனாள். சபை ஒரு மருந்துக்கடையின் மேல்மாடியில் இருந்தது. பிராந்தியப் பணிப்பாளர் லியனார்ட், கழுத்துப் பட்டியும் அதன்மேல் கம்பளி உடுப்பும் அணிந்து, பெரிய மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். லயத்தில் பிறந்து இந்த நிலைக்கு உயர்ந்தவர் என்று, அவருக்கு யாரோ கொடுத்த பாராட்டுப் பத்திரம் சுவரில் சொன்னது. ஜன்னலோரமாக ஷாமிலா என்ற தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஒரு சின்ன இயந்திரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அதிலிருந்து வந்த வயரின் நுனியில் துணி காயப்போடும் கிளிப் மாதிரி ஒன்று இருந்தது. அதை விரலில் மாட்டினால் ஆள் எவ்வளவு பயப்படுகிறார் என்று தெரிந்துவிடும்.

"உக்காருங்க" என்றார் லியனார்ட். "படம் எடுத்துப் பழக்கமா?"

"படம் இல்லைங்க சேர். எங்க லயத்துக்குப் பின்னால மலை வெடிச்சிருக்கு. அதைத்தான் எடுத்தேன்."

"உண்மைச் சம்பவம்னு சொல்றீங்க."

"ஆமாங்க."

"எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க. பேய்ப்படத்துல முதல் வரியே அதுதானே."

அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். இந்தப் பேச்சை அவர் முன்பே பல தடவை பேசியிருக்கிறார் என்பது, ஷாமிலா துடைப்பதை நிறுத்திவிட்டு ஜன்னல் வழியே பஸ் நிலையத்தைப் பார்க்கத் தொடங்கியதில் தெரிந்தது.

"நீங்க விஷயத்தை விளங்கிக்கணும். முந்தி ஒரு பேய்ப்படம் வந்தா தியேட்டர்ல நானூறு பேர் சேர்ந்து பயப்பட்டாங்க. ஒரு பேயை நானூறால பிரிங்க. ஒரு ஆளுக்கு என்ன வரும்? தூசி. பொறகு வீடியோ டெக் வந்திச்சு. வாடகைக்கு எடுத்துக்கிட்டு வந்து ஒரு காம்பராவுல போட்டா, லயமே வந்து உக்காரும். ஒரு பேய்க்கு நாப்பது பேர். பொறகு வீட்டுக்கு வீடு டிவி. ஒரு பேய்க்கு ஆறு பேர். இப்ப போன். ஒரு பேய், ஒரு ஆள். முழுப் பேயும் ஒருத்தர் தலையில. நாட்டுல பயம் கூடினதுக்குக் காரணம் இதுதான். பேய் கூடல. பங்கு போடுறது குறைஞ்சிருச்சு. அதைச் சீர்படுத்தத்தான் சபை இருக்கு."

"சேர், மழை வந்தா அது கீழ வந்திரும்."

"எது?"

"மலை."

"அதை மதிப்பீடு சொல்லும்" என்றார் லியனார்ட், அன்பாக.

விண்ணப்பப் படிவம் ஆறு பக்கம். பயத்தின் வகை என்ற இடத்தில் பேய், ஆவி, மிருகம், மனநோயாளி, ஏனையவை என்று இருந்தது. அவள் 'ஏனையவை'யில் அடையாளமிட்டாள். வில்லன் யார் என்று கேட்டிருந்தது. நெடுநேரம் யோசித்துவிட்டு 'மலை' என்று எழுதினாள். பிரதான பாத்திரம் யார் என்ற இடத்தை வெறுமையாக விட்டாள். லியனார்ட் வீடியோவை ஒரு தடவை ஓடவிட்டுப் பார்த்து, அந்த இடத்தில் 'குடை' என்று தானே எழுதிக்கொடுத்தார்.

ஒரே காட்சி எல்லா வகைத் திரையிலும் எவ்வளவு பயம் தருகிறது என்று அளந்தால்தான் சான்றிதழ் கிடைக்கும். முதலில் பெரிய திரை. ஹட்டனில் முன்பு தியேட்டராக இருந்து இப்போது கல்யாண மண்டபமாக இருக்கும் கட்டடத்தைப் பிடித்தார்கள். இருநூறு பேரைப் பஸ்ஸில் ஏற்றி வந்தார்கள். ஓய்வுபெற்றவர்கள் சங்கம், ஒரு தையல் வகுப்பு, நல்லதண்ணியில் சிவனொளிபாதமலை யாத்திரை சீசன் முடிந்து சும்மா இருந்த கடைக்காரர்கள். எல்லார் விரலிலும் கிளிப் மாட்டவே ஒன்றரை மணித்தியாலம் ஆனது. விளக்கை அணைத்தார்கள். பதினான்கு விநாடி ஓடியது. விளக்கைப் போட்டார்கள். பாதிப் பேர் இன்னும் உட்கார இடம் தேடிக்கொண்டிருந்தார்கள்.

திரும்பவும் போட்டார்கள். மொத்தம் பதினொரு தடவை. மூன்றாவது தடவை குடை உள்ளே போனபோது யாரோ விசில் அடித்தார். ஆறாவது தடவை மண்டபம் முழுக்கச் சேர்ந்து "அடி தட்டுப்படல" என்று ஜீவராணியின் குரலோடு சொல்லிச் சிரித்தது. கச்சான் கடலைக் கோதுகளைக் காலடியில் போட்டபடி ஒரு பெரியவர், "இடைவேளை எப்பங்க?" என்று கேட்டார்.

ஒன்பதாவது தடவை, தையல் வகுப்போடு வந்திருந்த ஒரு பெண் பின்வரிசையில் எழுந்து நின்றாள். "இது எந்த லயம்?" என்றாள். திரையில் குடை இறங்கிக்கொண்டிருந்தது. "கேக்குறேன்ல, இது எந்த லயம்? எங்க அக்கா மஸ்கெலியாப் பக்கம்தான் இருக்கு."

"உக்காருங்க மிஸ். கேள்வி கடைசியில" என்றார் லியனார்ட்.

எழுந்து நின்றபோது அவள் விரலிலிருந்து கிளிப் கழன்றுவிட்டதால் அவளுடைய பயம் பதியப்படவில்லை. மற்றவர்களின் சராசரி, சபையின் கணக்குப்படி, ஒரு சாதாரண சமையல் நிகழ்ச்சியைவிடக் குறைவாக வந்தது.

அதற்குப் பிறகு பத்து நாள் மழை. ஜீவராணி காலையில் பிள்ளைக்காம்பராவுக்குப் போகுமுன் வெடிப்பைப் போய்ப் பார்த்துவிட்டுப் போவாள். இப்போது குடையை விட்டுப் பார்க்கத் தேவையில்லை. ஒரு ஆள் பக்கவாட்டில் நின்றால் தோள்வரை இறங்கலாம். புதிதாக ஒரு வீடியோ எடுத்தாள். தொலைபேசியில் ஷாமிலாவிடம் சொன்னாள்.

"அதை அனுப்பாதீங்க அக்கா" என்றாள் ஷாமிலா. குரலைத் தாழ்த்தியிருந்தாள். "அது வேற படம் ஆயிரும். முதல்ல இருந்து தொடங்கணும்."

அடுத்தது வீட்டுத்திரை. அதற்குக் குடும்பமாக உட்கார்ந்து பார்ப்பவர்கள் வேண்டும். படம் எடுத்த இடத்திலேயே செய்தால் செலவில்லை என்று சபை தீர்மானித்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வேன் ஒன்று லயத்துக்கு வந்தது. பெரிய டிவி ஒன்றை இறக்கி, லயத்தின் பின்முற்றத்தில், லயச் சுவரோடு ஒட்டி மேசைமேல் வைத்தார்கள். தூறல் விழுந்ததால் மேலே ஒரு படங்கு கட்டினார்கள். பன்னிரண்டு குடும்பமும் அதன் கீழே வரிசையாக உட்கார்ந்தது. முகம் டிவிக்கு. முதுகு மலைக்கு.

டிவிக்குப் பக்கத்தில் ஒரு அட்டையைத் தொங்கவிட்டார்கள். 'அளவீட்டு நேரத்தில் பார்வையாளர் திரும்பிப் பார்க்கக் கூடாது.'

"சேர்" என்றாள் ஜீவராணி. "அந்த வெடிப்புத்தாங்க பின்னால இருக்கு."

"அதனாலதான் அட்டை போட்டிருக்கு. திரும்பினா அளவு குழம்பிரும்."

"நீங்க ஒரு நிமிஷம் மட்டும் வந்து பாருங்க. முந்தி குடைதான் போச்சு. இப்ப ஆளே போகலாம்."

லியனார்ட் அவளைப் பார்த்தார். மலைப் பக்கம் மட்டும் பார்க்கவில்லை. "நான் பார்த்தா நானும் பார்வையாளர் ஆயிருவேன். மதிப்பீட்டாளர் பார்வையாளரா இருக்க ஏலாது. சபை விதியே அதுதான். இருபத்தி ரெண்டு வருஷ சேர்விசுல நான் ஒன்னையும் நேரா பார்த்தது கிடையாது" என்றார். அதை அவர் பெருமையாகச் சொன்னார்.

டிவியில் வெடிப்பு ஓடியது. பழைய வெடிப்பு, குடை மட்டும் போகும் வெடிப்பு. முதல் வரிசையில் இருந்த அழகன், பென்ஷன் வாங்கிய தோட்டத்து டிரைவர், தலையை ஆட்டிக்கொண்டே பார்த்தார்.

"டிவியில சின்னதாத்தான் தெரியுது" என்றார். "இந்த அளவுக்குன்னா ஒன்னும் ஆகாது."

"அண்ணே, அது ரெண்டு மாசத்துக்கு முந்தினது."

"தெரியும்மா. ஆனா பார்க்க மனசுக்கு நல்லா இருக்கு."

அழகன் தினமும் ஜீவராணியோடு போய் அந்த வெடிப்பைப் பார்த்து வந்தவர். முந்தாநாள் அதன் விளிம்பில் நின்று கைகூப்பியவர்.

நான்காவது தடவை ஓடும்போது பின்னால் ஒரு கல் உருண்டது. பெரிய கல் அல்ல. தேயிலைச் செடிகளில் முட்டி முட்டி வந்து, தண்ணீர் ஓடும் சிமெந்துக் கானில் விழுந்து நின்றது. பன்னிரண்டு குடும்பமும் ஒன்றாகத் திரும்பியது. நாகலெட்சுமி மகளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். ஷாமிலாவின் இயந்திரம் கீச்சென்று கத்தத் தொடங்கியது. அவள் அதைக் குனிந்து பார்த்துவிட்டு லியனார்ட்டிடம் நீட்டினாள்.

"சேர், இவ்வளவு இதுவரைக்கும் வந்ததே இல்லை."

"செல்லாது" என்றார் லியனார்ட். "அட்டை போட்டும் திரும்பிட்டாங்க. திரைக்கு வெளிய இருந்து வந்த பயத்தைச் சேர்க்க ஏலாது. வெட்டிருங்க."

ஷாமிலா வெட்டினாள்.

கடைசியாகக் கைபேசி. ஆட்களை ஒவ்வொருவராகத் தனி அறையில் வைத்துப் பார்க்கவிட்டார்கள். அதில் பயம் நன்றாக ஏறியது. லியனார்ட்டின் கொள்கை வெற்றி என்று காரியாலயத்தில் எல்லாருக்கும் பிளேன்டீ கொடுத்தார்கள். பிறகுதான் ஷாமிலா ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தாள். கைபேசியில் பார்த்தவர்கள் எல்லாரும் மூன்றாவது விநாடியிலேயே விரலால் தள்ளி அடுத்த வீடியோவுக்குப் போயிருந்தார்கள். வெடிப்பு வருவது ஐந்தாவது விநாடியில். யாரும் வெடிப்பைப் பார்க்கவேயில்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போது வேலைத்தளத்திலிருந்து மேற்பார்வைக் கண்டாக்கு கூப்பிட்டதில் ஒரு பெண்ணுக்கு ஏறிய பயம்தான் சராசரியைத் தூக்கியிருந்தது.

"அப்ப செருப்பைப் பார்த்துப் பயந்திருக்காங்க" என்றார் லியனார்ட். குறிப்பில் அப்படியே எழுதவும் செய்தார்.

கண்ணில் மாட்டிக்கொள்ளும் புதுவகைத் திரை ஒன்றும் சபையிடம் இருந்தது. அதை மாட்டினால் காட்சிக்குள்ளேயே நிற்பது போல இருக்கும். கொழும்பிலிருந்து வரவேண்டிய ஆள் வராததால், அளவு எடுக்க வேறு வழியின்றி லியனார்ட்டே அதை மாட்டிக்கொண்டார். ஜீவராணி எதிரில் உட்கார்ந்திருந்தாள். ஒன்பது விநாடி அவர் அசையாமல் இருந்தார். பிறகு இரண்டு கைகளாலும் மேசையின் விளிம்பைப் பிடித்தார். கண்ணாடியைக் கழற்றியபோது நெற்றி நனைந்திருந்தது. 

"கான் அந்தப் பக்கமா ஓடுது?" என்று கேட்டார், மெதுவாக.

"இந்தப் பக்கங்க. மண் விழுந்து அடைச்சிருக்கு. ரெண்டு தடவை வெட்டிவிட்டோம்."

"எங்க லயத்துலயும் அப்படித்தான். அப்பா மண்வெட்டியை எடுத்துக்கிட்டு..." என்று தொடங்கினார்.

ஷாமிலா நிமிர்ந்து பார்த்தாள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு கண்ணாடியைப் பெட்டிக்குள் வைத்தார். "தொழில்நுட்பக் கோளாறு. குறிச்சுக்குங்க. இந்த இயந்திரம் நம்ம குளிர் சுவாத்தியத்துக்குச் சரிவராது."

மார்கழி பிறக்க நான்கு நாள் இருக்கும்போது சான்றிதழ் வந்தது. 'அனைவரும் பார்க்கலாம்' என்ற தரம். ஆக்கத்தில் பயம் போதாது என்றும், பொதுமக்கள் எங்கே பயப்படவேண்டும் என்று அறிந்துகொள்ளும்படி சபையே சில திருத்தங்களைச் செய்திருக்கிறது என்றும் கூடவே ஒரு கடிதம். ஜீவராணி திருத்திய வீடியோவைப் போட்டுப் பார்த்தாள். வெடிப்பு வரும்போது ஒரு வயலின் கிறீச்சிட்டது. குடை இறங்கும்போது யாரோ ஒரு பெண் சிரித்தாள். எல்லாவற்றுக்கும் முன்னால் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் ஒரு வரி இருந்தது: 'இதில் வரும் இடங்கள், ஆட்கள், வெடிப்புகள் யாவும் கற்பனையே.'

அவள் ஹட்டனுக்கே போனாள்.

"சேர், கற்பனைன்னு போட்டிருக்கீங்க."

"அது எல்லாப் படத்துக்கும் போடுறது. சட்டப் பாதுகாப்பு. நாளைக்கு மலை வந்து என்னை ஏன் வில்லனாக் காட்டினீங்கன்னு கேட்டா?"

இதை அவர் சிரிக்காமல் கேட்டார். மலை வந்தால் அது எதையும் கேட்காது என்று ஜீவராணி சொல்ல நினைத்தாள். சொல்லி என்ன பிரயோசனம் என்று தோன்றியது.

இப்போது சட்டப்படி அனர்த்தப் பிரிவு வீடியோவைப் பார்க்கலாம். அங்கே இருந்த சிங்கள உத்தியோகத்தர் மரியாதையானவர். நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். வீடியோவைத் தொடங்கினார். முதல் வரியின் கீழே இருந்த சிங்கள மொழிபெயர்ப்பைப் படித்தார். நிறுத்தினார்.

"மேக்க கதாவக்நே மிஸ்" என்றார். இது கதைதானே என்று அர்த்தம். பிறகு அவளுக்காகத் தமிழில் சொன்னார். "கற்பன. நாங்க உண்மை மட்டும்தான் எடுக்கிறது."

"உண்மை சேர். வந்து பாருங்க."

"வர ஏலும். ஆனா வாறதுக்கு ஒரு பைல் வேணும். பைலுக்குள்ள இதுதான் இருக்கு. இதுல கற்பன சொல்லி அரசாங்க முத்திரையும் இருக்கு." அவர் உண்மையிலேயே வருத்தப்பட்டார். "முத்திரை இல்லாட்டி நான் நம்பியிருப்பேன்."

பஸ் நிலையத்தில் மஸ்கெலியா பஸ்ஸுக்காக நின்றபோது ஜீவராணிக்கு அழுகை வரவில்லை. யாரையாவது அடிக்கவேண்டும் போல இருந்தது. யாரை என்று தெரியவில்லை. எல்லாரும் உட்காரச் சொன்னார்கள். எல்லாரும் நல்லபடியாகப் பேசினார்கள். ஒருத்தராவது ஏசியிருந்தால் திருப்பி ஏசிவிட்டுப் போயிருக்கலாம்.

வேலை முடிந்து பஸ்ஸுக்கு வந்த ஷாமிலா அவளைக் கண்டு பக்கத்தில் வந்து நின்றாள். சங்கதியைக் கேட்டாள். கைப்பையிலிருந்து சபையின் விதிப் புத்தகத்தை எடுத்தாள்.

"அக்கா, உங்க சான்றிதழ் திரையில காட்டுறதுக்குத்தான். திரை இல்லாம காட்டுறதுக்கு அனுமதி இல்லை."

"திரை இல்லாம யாரு காட்டுறா?"

"மலை காட்டுது. நீங்க தினமும் பார்க்கிறீங்க. பத்தொன்பதாம் விதியைப் பாருங்க. பயக் காட்சி எவ்வளவு அகலமோ, அதைப் போல ஒன்றரை மடங்கு தூரத்துக்கு அப்பாலதான் பார்வையாளர் இருக்கணும். வெடிப்பு எவ்வளவு நீளம்?"

"இருநூறு அடி இருக்கும்."

"அப்ப முந்நூறு அடி. லயம் எவ்வளவு தூரம்?"

"நாப்பது."

ஷாமிலா புத்தகத்தை மூடினாள். "ஆபத்துன்னு எழுதாதீங்க. வீடுன்னும் எழுதாதீங்க. அதெல்லாம் எங்க பிரிவு இல்லை. சபைக்கு முறைப்பாடு எழுதுங்க."

அன்று மாலையே ஜீவராணி எழுதினாள். நாகலெட்சுமி பக்கத்தில் இருந்து எழுத்துப் பிழை பார்த்தாள். 'கல்லூற்றுத் தோட்டத்தில் பன்னிரண்டு குடும்பத்தார், சபையின் அனுமதி பெறாத பயக் காட்சி ஒன்றை, நாற்பது அடி தூரத்திலிருந்து இரவு பகலாகப் பார்த்து வருகின்றனர். அவர்களில் நானும் ஒருத்தி. தகுந்த நடவடிக்கை எடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.'

"நம்மள நாமளே காட்டிக்கொடுக்கிறோமே அக்கா" என்றாள் நாகலெட்சுமி.

"கையெழுத்துப் போடு."

காணி கேட்ட மனுவுக்கு இரண்டு வருடம் ஆகியிருந்தது. இந்த முறைப்பாட்டுக்கு இரண்டு நாள்தான். மூன்றாம் நாள் காலையில் மூன்று லொறிகள் லயத்துக்கு வந்தன. முன்னால் வேனில் லியனார்ட். வழக்கமான அன்பு முகத்தில் இல்லை. லயத்தாரைக் காம்பரா வாசல் இஸ்தோப்புகளில் நிற்கவைத்துப் பேசினார்.

"நான் உங்களை நம்பினேன். டிவி கொண்டாந்து, படங்கு கட்டி, முறைப்படி காட்டினேன். நீங்க எங்களுக்குத் தெரியாம இத்தனை காலம் பக்கத்துல உக்காந்து பார்த்துக்கிட்டு இருந்திருக்கீங்க. பிள்ளைகளையும் வச்சுக்கிட்டு. இது சட்டவிரோதமான காட்சி. பார்வையாளர் எல்லாரும் இப்பவே வெளியேறணும்."

"எங்கங்க போறது?" என்றார் அழகன்.

"அது என் பிரிவு இல்லை. முந்நூறு அடிக்கு அப்பால எங்க வேணும்னாலும்."

தோட்டத் தலைவர் ஏற்கனவே பள்ளிக்கூட அதிபரிடம் மண்டபத்தைக் கேட்டுவைத்திருந்தார். பாத்திரம், பாய், கோழிக்கூடு, சாமிப்படம், அழகனின் இரும்புக் கட்டில் என்று எல்லாமும் மத்தியானத்துக்குள் லொறியில் ஏறிவிட்டது. கடைசியாக ஏறியது ஜீவராணி. அவள் காம்பராவைப் பூட்டவில்லை. லியனார்ட் லயத்தின் கோடியில் நின்றுகொண்டிருந்தார். லொறி திரும்பும்போது அவள் கண்டாள். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, அவர் மலைப் பக்கம் தலையைத் திருப்பினார். திருப்பியவர் அப்படியே நின்றார். பிறகு வேனை நோக்கி வேகமாக நடந்தார். பாதி வழியில் ஓடினார்.

அதற்கு ஆறாம் நாள், வியாழக்கிழமை, காலை பத்தரை மணிக்கு மலை வந்தது. பிள்ளைக்காம்பராவில் குழந்தைகளுக்குப் பால் ஆற்றிக்கொண்டிருந்த ஜீவராணிக்கு முதலில் அது லொறிச் சத்தம் மாதிரித்தான் கேட்டது. லொறி போய் முடியும், இது முடியவில்லை. அவள் இரண்டு குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து நின்றாள். அடுத்த மலையில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த பெண்கள் கூடைகளைப் போட்டுவிட்டு, லயம் இருந்த பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மூன்றாவது காம்பராவிலிருந்து கடைசி வரைக்கும் இல்லை. ஏழாவது இருந்த இடத்தில், வேரோடு வந்த தேயிலைச் செடிகள் நின்ற மாதிரியே நின்றன.

சபையின் வருடாந்த அறிக்கையில் அது இரண்டு வரியில் வந்தது. 'கல்லூற்றுத் தோட்டத்தில் அனுமதியற்ற காட்சி பார்வையாளர் எவருமின்றி நடந்து முடிந்தது. சபையின் தலையீட்டினால் எவருக்கும் பயம் ஏற்படவில்லை.' அதற்காக லியனார்ட்டுக்கு இன்னொரு பாராட்டுப் பத்திரம் கிடைத்தது. அவர் ஒருநாள் பள்ளிக்கூட மண்டபத்துக்கு வந்து, சபை அன்பளிப்பாகக் கொடுத்த பெரிய டிவியைச் சுவரில் மாட்டச் செய்துவிட்டு, ஜீவராணியிடம் ஏதோ சொல்ல வந்தவர் மாதிரி நின்றார். "பிள்ளைங்க எல்லாம் சுகமா?" என்று மட்டும் கேட்டார். சுகம் என்றாள். போய்விட்டார்.

அனர்த்தப் பிரிவு உத்தியோகத்தரும் வந்தார். மண்ணைப் பார்த்தார். அவர் அழுததாகச் சொல்கிறார்கள். ஆனால் லயத்தார் அனர்த்தத்தால் அல்ல, சபை விதியை மீறியதால் வெளியேற்றப்பட்டவர்கள் என்று பதிவில் இருந்ததால், அவர்களை அனர்த்தப் பட்டியலில் சேர்க்க அவரால் முடியவில்லை. மேலிடத்துக்கு எழுதியிருக்கிறார். ஐந்து மாதமாகப் பன்னிரண்டு குடும்பமும், இடையில் சேலைகளைத் தொங்கவிட்டு, அந்த ஒரே மண்டபத்தில் இருக்கிறது. பரீட்சை வருகிறது, மண்டபம் வேண்டும் என்று அதிபர் மிகவும் தயங்கித் தயங்கி இரண்டு தடவை கேட்டுவிட்டார். திங்கட்கிழமை காணிக் காரியாலயத்துக்கு வரச்சொல்லி ஜீவராணிக்குக் கடிதம் வந்திருக்கிறது. போன திங்கட்கிழமையும் அப்படித்தான் வந்தது.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் டிவியில் பேய்ப்படம் ஒன்று போனது. பழைய படம். பேய் என்று சொல்லி, வெள்ளைச் சேலையும் விரித்த தலையுமாக ஒருத்தி கிணற்றிலிருந்து வந்தாள். லயத்தில் இருந்த காலத்தில் நாகலெட்சுமி பேய்ப்படமே பார்க்கமாட்டாள். நமக்கு இருக்கிற பயமே போதும் என்பாள். இப்போது முதல் ஆளாகப் பாயை விரித்து உட்கார்ந்திருந்தாள். ஜீவராணி அவளுக்குப் பக்கத்தில் தேத்தண்ணிக் கோப்பையோடு உட்கார்ந்தாள். அழகன் போர்வையைத் தலைவரை இழுத்து, கண்ணுக்கு மட்டும் ஓட்டை விட்டுக்கொண்டார்.

கதவு தானாகத் திறந்தது. மண்டபமே மூச்சை இழுத்தது. கை ஒன்று வந்தபோது நாகலெட்சுமி வீரிட்டுக்கொண்டு ஜீவராணியின் தோளைப் பிடித்தாள். ஜீவராணியும் துள்ளிவிட்டாள். தேத்தண்ணி மடியெல்லாம் கொட்டியது. அதைப் பார்த்து எல்லாரும் சிரித்தார்கள். அழகன் போர்வைக்குள் இருமி இருமிச் சிரித்தார். ஜீவராணிக்கும் சிரிப்பு வந்து, நிறுத்த முடியாமல், கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள்.

படம் முடிந்து யாரோ டிவியை நிறுத்தினார்கள். அப்போதுதான் தகரக் கூரையில் மழை அடிக்கும் சத்தம் கேட்டது. நல்ல மழை. எப்போது தொடங்கியது என்று அவளுக்குத் தெரியவில்லை. பக்கத்தில் இருந்தவர்களிடம் கேட்டாள், யாருக்கும் தெரியவில்லை.

"பயந்துட்டேன் அக்கா" என்றாள் நாகலெட்சுமி. முகம் மலர்ந்திருந்தது. "நெசமாவே பயந்துட்டேன்."

"நானுந்தான்" என்றாள் ஜீவராணி. எழுந்து போய் ஈரச் சேலையை மாற்றிவிட்டு வந்து, அடுத்த படம் எத்தனை மணிக்கு என்று கேட்டாள்.